ஆரன், மேஸ், க்வின்: பெரிய பிட்சர்கள் முன்னால் யார் தாக்குப்பிடித்தார்கள்?

பேஸ்பாலின் பெரிய பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) ஒருவரான சாண்டி கோஃபாக்ஸ் பந்து வீசிய 12 சீசன்களையும் சேர்த்துப் பார்த்தால், அவரை எதிர்த்து ஆடியவர்களின் பேட்டிங் சராசரி வெறும் 0.205. ஐந்து முறை முயன்றால் ஒரு ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைவது), அவ்வளவுதான். அதே கோஃபாக்ஸுக்கு எதிராக ஹிட்டர் ஹாங்க் ஆரனின் சராசரி 0.362. 116 முயற்சிகளில் 42 ஹிட், அதில் 7 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து ஒரே அடியில் ரன் எடுப்பது). சரி, கோஃபாக்ஸையே இப்படி அடித்தவர் இன்னொரு பெரிய பிட்சரான பாப் கிப்சனையும் அடித்து நொறுக்கியிருப்பார் என்று தோன்றும். அங்கே கணக்கு தலைகீழ்: 163 முயற்சிகளில் 35 ஹிட், சராசரி 0.215.

பேஸ்பாலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இந்த நேருக்கு நேர் கணக்குகள்தான். 755 ஹோம் ரன், 3,000 ஹிட் என்கிற மொத்த எண்ணிக்கையில் சுமாரான பிட்சர்களிடம் எடுத்ததும் கலந்திருக்கும். யார் யாரிடம் திணறினார், யார் யாருக்குத் தலைவலியாக இருந்தார் என்பது ஒவ்வொரு ஜோடியாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஹிட்டரின் மொத்த சராசரி, இன்னொரு பக்கம் அந்தப் பிட்சர் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்த சராசரி. இருவரும் மோதும்போது விடை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்காவது விழுவதுதான் முறை. ஹிட்டரின் சொந்த சராசரிக்கும் மேலே போனால் அவர் அந்தப் பிட்சரை முழுசாகப் படித்துவிட்டார் என்று பொருள். பிட்சரின் சராசரிக்கும் கீழே இறங்கினால், சாதாரண ஹிட்டர் பட்ட பாட்டைவிட அதிகமாக அந்த நட்சத்திரம் பட்டிருக்கிறார்.

ஆரனின் மொத்த சராசரி 0.305, வில்லி மேஸின் சராசரி 0.301. இருவரும் வலது கை ஆட்டக்காரர்கள், இருவரும் 1950களிலும் 60களிலும் நேஷனல் லீகில் ஆடியவர்கள், எதிர்கொண்ட பிட்சர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது.

முதலில் கோஃபாக்ஸ். ஆரனின் கணக்கைப் பார்த்தாயிற்று: 0.362, தன் சொந்த சராசரியையே தாண்டிவிட்டார். மேஸ் 97 முயற்சிகளில் 27 ஹிட், 0.278, 5 ஹோம் ரன். ஆரன் ஒரு படி மேலே என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேஸுக்குக் கோஃபாக்ஸ் 25 வாக் (பந்துகள் குறி தவறியதால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். களத்துக்கு வந்த 122 தடவையில் 52 தடவை எப்படியோ முதல் பேஸையாவது அடைந்துவிட்டார். கோஃபாக்ஸ் போன்றவரிடம் இது லேசுப்பட்ட காரியமில்லை. ஆரனோ வாக்குக்காகக் காத்திருக்கவில்லை, வந்ததை அடித்தார். கோஃபாக்ஸ் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘பேட் ஹென்றி’ (Bad Henry; ஹென்றி என்பது ஆரனின் இயற்பெயர்). அந்த ‘பேட்’ யாருக்குக் கெட்ட செய்தி என்று விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கோஃபாக்ஸ் முதல் ஆறு சீசன்களில் கட்டுப்பாடில்லாத வேகப் பந்துவீச்சாளர். அந்தக் காலத்தில் அவருக்கு 36 வெற்றி, 40 தோல்வி. நாம் கொண்டாடும் கோஃபாக்ஸ், தொடர்ந்து ஐந்து வருடம் லீகிலேயே குறைந்த ரன் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) வைத்திருந்த 1962 முதல் 1966 வரையிலான கோஃபாக்ஸ். ஆரனின் 42 ஹிட்டில் இந்த இரண்டு கோஃபாக்ஸிடமும் அடித்தது கலந்திருக்கிறது. அப்புறம், கோஃபாக்ஸ் இடது கைக்காரர். இடது கைப் பிட்சரின் பந்தை வலது கை ஹிட்டரால் நன்றாகப் பார்க்க முடியும் என்பது இந்த ஆட்டத்தின் பாலபாடம். இதையெல்லாம் கழித்தாலும் 0.362 பெரிய எண்தான்.

அதே அணியில் கோஃபாக்ஸுக்குத் துணையாக நின்றவர் டான் ட்ரைஸ்டேல். ஆறடி ஐந்தங்குல உயரம், வலது கை. கையைப் பக்கவாட்டில் சுழற்றி வீசுவார். வலது கை ஹிட்டருக்குப் பந்து முதுகுக்குப் பின்னாலிருந்து வருவது போலிருக்கும். ஹோம் பிளேட் என்னும் தட்டுக்கு நெருக்கமாக நிற்கும் ஹிட்டர்களைப் பந்தாலேயே விரட்டுவார். தன் ஆட்ட வாழ்க்கையில் 154 பேர் உடம்பில் பந்தைப் பதித்தவர். பாடப்படி பார்த்தால் ஆரனும் மேஸும் திணற வேண்டிய ஆள் இவர்தான்.

நடந்தது வேறு. ஆரன் இவரிடம் 17 ஹோம் ரன் அடித்தார். தன் 755 ஹோம் ரன்னில் வேறு எந்தப் பிட்சரிடமும் அவர் இத்தனை அடிக்கவில்லை. மேஸ் 13 ஹோம் ரன், கூடவே 0.330 சராசரி. ஆரனின் சராசரி இங்கே 0.267 மட்டும்தான். அடித்தால் எல்லைக்கு வெளியே, இல்லையென்றால் அவுட் என்பதுதான் ஆரன் ட்ரைஸ்டேல் கதை. மேஸோ எல்லா விதத்திலும் அடித்தார். ட்ரைஸ்டேல் விஷயத்தில் என் ஓட்டு மேஸுக்கு. தலையைக் குறிபார்த்து வரும் பந்திலிருந்து மண்ணில் விழுந்து தப்பி, எழுந்து, அடுத்த பந்துக்கு அதே இடத்தில் நிற்க நெஞ்சுரம் வேண்டும். அது மேஸிடம் நிறைய இருந்தது.

ஆனால் கிப்சன் இருவரையும் கட்டிப்போட்டார். மேஸ் 92 முயற்சிகளில் 18 ஹிட், 0.196, ஹோம் ரன் மூன்றே மூன்று. ஆரன் 0.215, ஹோம் ரன் மட்டும் 8. கிப்சன் எல்லோருக்குமாக விட்டுக்கொடுத்த சராசரி 0.228. அதாவது அந்தக் காலத்தின் இரண்டு மகத்தான ஹிட்டர்கள், லீகின் சராசரி ஆட்டக்காரர் கிப்சனிடம் எடுத்ததைக்கூட எடுக்கவில்லை! முதல் தடவை இந்த எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என்னால் நம்பவே முடியவில்லை.

காரணம் என்ன? வலது கைக்கு எதிரே வலது கை என்பது ஒரு பாதி. கிப்சனின் ஸ்லைடர் என்னும் பந்து வலது கை ஹிட்டரிடமிருந்து கடைசி நொடியில் விலகி ஓடும். உள்ளே ஒரு வேகப்பந்தைக் காட்டிவிட்டு வெளியே அதைப் போட்டால் மட்டை காற்றைத்தான் வெட்டும். மீதிப் பாதி அவருடைய குணம். இளம் ஆட்டக்காரர் டஸ்டி பேக்கருக்கு ஆரன் சொன்ன அறிவுரை பிரபலம்: கிப்சனுக்கு எதிரே காலை அழுத்தி ஊன்றி நிற்காதே, உன்னை விழத்தட்டுவான்; அவனை முறைக்காதே, சிரிக்காதே, பேச்சும் கொடுக்காதே. கோஃபாக்ஸையும் ட்ரைஸ்டேலையும் பதம் பார்த்த மனிதர் தன் சிஷ்யனுக்குச் சொன்னது இது. 1968இல் கிப்சனின் ரன் சராசரி 1.12. அந்த வருடம் மொத்தத்தில் பிட்சர்கள் கை அளவுக்கு மீறி ஓங்கிப்போனதால், மறு வருடமே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள்.

மேஸுக்கு ஈடுகட்ட இன்னொரு கணக்கு இருக்கிறது: வாரன் ஸ்பான். 363 வெற்றிகள் எடுத்த இடது கைக்காரர். ஆரனும் ஸ்பானும் மில்வாக்கியில் ஒரே அணியில் இருந்ததால் இங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை. 1951 மே மாதம் மேஸ் பெரிய லீகுக்கு வந்து முதல் 12 முயற்சிகளிலும் ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை. போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஸ்பானிடம்தான் முதல் ஹிட், அதுவும் ஹோம் ரன். அன்று அவனை ஸ்ட்ரைக் அவுட் (ஹிட்டர் மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு வெளியேறுவது) ஆக்கியிருந்தால் எல்லோரும் அவனிடமிருந்து தப்பித்திருப்போம் என்று ஸ்பான் பிற்பாடு சொல்வதுண்டு. அன்று தொடங்கி ஸ்பானிடம் மேஸ் அடித்த ஹோம் ரன் மொத்தம் 18.

அந்தப் பதினெட்டில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1963 ஜூலை 2, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். ஒரு பக்கம் 42 வயது ஸ்பான், மறுபக்கம் 25 வயது ஹுவான் மாரிஷால். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் யாருக்கும் ரன் இல்லை. பதினைந்து முடிந்தும் இல்லை. இரண்டு பேரும் மேட்டை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். பதினாறாவது இன்னிங்ஸில் மேஸ் வந்து ஒரு ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் 1-0 என்று முடிந்தது. எதிர் அணியில் ஆரனும் அன்று ஆடிக்கொண்டிருந்தார். பெரிய ஹிட்டருக்கும் பெரிய பிட்சருக்குமான மோதலுக்கு ஒரே ஒரு உதாரணம் காட்டு என்றால் நான் இந்த ராத்திரியைத்தான் காட்டுவேன்.

ஆக ஆரனா மேஸா? கோஃபாக்ஸிடம் ஆரன், ட்ரைஸ்டேலிடம் மேஸ், கிப்சனிடம் இருவருமே அவுட். ஆனால் எனக்கு இந்தப் போட்டியே இரண்டாம் இடத்துக்கானதுதான். முதல் இடத்தில் இருப்பவர் அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்தவர், ஹோம் ரன்னுக்குப் பேர்போனவரும் அல்ல: சான் டியாகோவின் டோனி க்வின்.

க்வின் 20 சீசனில் அடித்த ஹோம் ரன் 135 மட்டுமே. ஆனால் சராசரி 0.338. பிட்சர் கிரெக் மேடக்ஸோ 355 வெற்றி, 3,371 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தவர். எல்லோருக்குமாக அவர் விட்டுக்கொடுத்த சராசரி 0.250. இருவரும் 107 தடவை மோதினார்கள். 94 முயற்சிகளில் 39 ஹிட், 0.415. ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை, 8 டபுள் (இரண்டாம் பேஸ்வரை போக வைத்த அடி), ஒரு டிரிபிள் (மூன்றாம் பேஸ்வரை). ஸ்ட்ரைக் அவுட்? பூஜ்யம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்ட்ரைக் அவுட் எடுத்த மனிதரால் க்வினை ஒரு தடவைகூட அப்படி வெளியேற்ற முடியவில்லை.

பக்கத்தில் பாரி பாண்ட்ஸை வைத்துப் பாருங்கள். 762 ஹோம் ரன், க்வினைப் போலவே இடது கை, அதே காலம், அதே மேடக்ஸ். பாண்ட்ஸின் கணக்கு 0.265, 9 ஹோம் ரன். ஒன்பது ஹோம் ரன் குறைவில்லைதான். ஆனாலும் என் அளவுகோலில் பாண்ட்ஸ் எதிர்பார்த்த இடத்தில் நிற்கிறார், க்வின் அளவுகோலையே தாண்டி நிற்கிறார்.

மேடக்ஸ் தன் வித்தையை ஒரு பத்திரிகையாளரிடம் இப்படி விளக்கியிருக்கிறார்: தூரத்தில் நெடுஞ்சாலையில் வரும் கார் 55 மைல் வேகத்திலா 75 மைல் வேகத்திலா வருகிறது என்று நின்ற இடத்திலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஹிட்டரின் கண்ணும் அப்படித்தான். எல்லாப் பந்தும் கையிலிருந்து ஒரே மாதிரி கிளம்பி வேகம் மட்டும் மாறினால் அவனுக்கு வேறு வழியில்லை. இதைச் சொல்லிவிட்டு, ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, ‘அந்த டோனி க்வினைத் தவிர’ என்றாராம். மேடக்ஸ் வாயால் வந்த இந்தச் சான்றிதழை 0.415ஐவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

க்வின் செய்தது என்ன? பந்து முடிந்தவரை உள்ளே வரும்வரை காத்திருந்தார். சின்ன மட்டையை வைத்து, மூன்றாம் பேஸ்காரருக்கும் ஷார்ட்ஸ்டாப் எனும் பக்கத்து ஃபீல்டருக்கும் இடையிலுள்ள சந்தில் தரையோடு தட்டிவிட்டார். தாமதமாக முடிவெடுப்பவரிடம் வேக மாற்ற வித்தை பலிக்காது. எண்பதுகளிலேயே தன் ஆட்டத்தை வீடியோவில் பதிவு செய்து ஓட்டி ஓட்டிப் பார்த்தவர். மேடக்ஸ், டாம் கிளாவின், ஜான் ஸ்மால்ட்ஸ், பெத்ரோ மார்ட்டினெஸ் நால்வருக்கும் எதிராக 323 தடவை களம் வந்து, மூன்றே மூன்று முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். பெத்ரோவின் கணக்கில் அதுவும் இல்லை. 36 தடவை, பூஜ்யம்.

எட்கர் மார்ட்டினெஸ் பற்றிச் சொல்லாமல் விட்டால் சியாட்டில் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். பிட்சர் மரியானோ ரிவேராவை 19 முயற்சிகளில் 11 தடவை அடித்தவர், 0.579. ரிவேராவின் கட்டர் என்னும் பந்து இடது கைக்காரர்களின் மட்டையைத்தான் முறிக்கும். வலது கைக்காரரான எட்கருக்கு அது வெளிப்பக்கம் நழுவும், அந்தப் பக்கமாகவே அடித்து அனுப்பும் பழக்கம் அவருக்கு இருந்தது. தன்னைப் படுத்திய ஹிட்டர் எட்கர்தான் என்று ரிவேராவே சொல்லியிருக்கிறார். 2019இல் இருவரும் ஒன்றாகவே பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார்கள். ஆனால் 19 என்பது குறைவான எண்ணிக்கை. நாலைந்து பந்து ஃபீல்டர் கைக்குப் போயிருந்தால் கதை மாறியிருக்கும். 107 தடவை ஏமாறாமல் இருந்ததோடு இதைச் சமமாக வைக்க என்னால் முடியாது.

கணக்கில் வராத மோதல்களும் உண்டு. இடது கை ஹிட்டர்கள் இடது கைப் பிட்சர் ராண்டி ஜான்சனைக் கண்டாலே ஓய்வு கேட்ட காலம் இருந்தது. 1997 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஜான்சனின் முதல் பந்தே தலைக்கு மேலே பறக்க, இடது கை ஹிட்டர் லாரி வாக்கர் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வலது கைப் பக்கம் போய் நின்றார். அரங்கமே சிரித்தது. உள்ளே இருந்த பயம் நிஜம்.

என் அணிக்கு ஒரே ஒரு ஹிட் வேண்டும், எதிரே யாராக இருந்தாலும் சரி என்றால் க்வினை அனுப்புவேன். ஒரே அடியில் ஆட்டம் மாற வேண்டும், எதிரே கோஃபாக்ஸ் என்றால் ஆரன். எதிரே கிப்சன் என்றால் ஆரனையும் மேஸையும் உட்கார வைத்துவிட்டு, அவரிடம் 10 ஹோம் ரன் அடித்த சிகாகோவின் இடது கைக்காரர் பில்லி வில்லியம்ஸைக் கூப்பிடுவேன்.