எண் தேய்ந்த ரோலெக்ஸ் 6694: ஆறு மாதம் கட்டிப் பார்த்த பிறகு

ஆறு மாதமாக இந்த வாட்சைத்தான் கட்டுகிறேன். ரோலெக்ஸ் ஆய்ஸ்டர்டேட் பிரிசிஷன், மாடல் எண் 6694, 34 மில்லிமீட்டர், தினமும் சாவி கொடுக்க வேண்டிய ரகம். வெள்ளி நிற டயல் அசல், முட்களும் அசல், நேரமும் ஒழுங்காகக் காட்டுகிறது. தேதியை மட்டும் தனியாக மாற்ற முடியாது, முள்ளைச் சுற்றிச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் கட்டாமல் வைத்துவிட்டால் அது கொஞ்சம் எரிச்சல், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. சீரியல் நம்பரைப் படிக்க முடியவில்லை.

பழைய ரோலெக்ஸில் எண் எங்கே இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஸ்ட்ராப்பைக் கழற்றினால், 6 மணிப் பக்கம், ஸ்ட்ராப் மாட்டும் இரண்டு காதுகளுக்கு நடுவே, கேஸின் (வெளிக்கூட்டின்) பக்கவாட்டில் சீரியல் நம்பர், 12 மணிப் பக்கம் மாடல் எண். உலோகப் பட்டையின் முனை அந்த இடத்தில்தான் வருடக்கணக்கில் உரசிக்கொண்டே இருக்கும், வியர்வையும் அழுக்கும் அங்கேதான் தங்கும், போதாததற்கு யாராவது இரண்டு மூன்று தடவை பாலிஷ் போட்டிருப்பார்கள். என் வாட்சில் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் முதலில் ஒரு 1, நடுவில் ஒரு 8 தெரிகிறது. மற்ற இடங்களில் சின்னச் சின்னக் குழிகள்தான். விற்றவர் படத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டவே இல்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இதனால் விலை எவ்வளவு இறங்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எண் எப்படிப் போனது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதிலே சொல்ல முடியாது. தேய்ந்து போன எண் ஒரு ரகம்: குழிகளும் உரசலும் சுற்றிலும் ஒரே மாதிரி பரவியிருக்கும், அங்கங்கே ஒரு கோடாவது மிச்சம் இருக்கும். வாங்குபவர் பேரம் பேசுவார், ஆனால் வாங்குவார். அந்த இடம் மட்டும் அரம் போட்டு ராவியது போல வழவழவென்று இருந்தால் கதையே வேறு, திருட்டுப் பொருளோ என்ற சந்தேகம் உடனே வந்துவிடும். நல்ல ஏல நிறுவனங்கள் தொடாது, சில சர்வீஸ் மையங்கள் திருப்பி அனுப்பிவிடும், காப்பீடு எடுப்பதும் சிக்கல். எல்லாவற்றையும்விட மோசம், புதிதாக எண்ணைப் பொறித்து வைப்பது. தேய்ந்ததையாவது மன்னிக்கலாம், பொய் எண் இருந்தால் டயலிலிருந்து உள்ளே ஓடும் இயந்திரமான மூவ்மென்ட் வரை எதையுமே நம்பத் தோன்றாது. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது வாட்சுக்கு மட்டுமில்லை, அது அதுவேதான் என்ற உறுதிக்கும் சேர்த்துத்தான்.

எனக்குக் கைகொடுத்தது பின்மூடி. அதைத் திறந்தபோது உள்பக்கம் III 65 என்று பொறித்திருந்தது, அதாவது 1965-இன் மூன்றாம் காலாண்டு. அந்தச் சமயத்தில் ரோலெக்ஸ் எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டி ஏழு இலக்கமாகியிருந்தன, என் வாட்சின் முதல் 1 அதோடு பொருந்துகிறது. மாடல் எண்ணும் 12 மணிப் பக்கம் நன்றாகவே தெரிகிறது. இதெல்லாம் சேர்ந்தால் நம்பிக்கை வருகிறது, ஆனால் சான்று ஆகாது, ஏனென்றால் பின்மூடியை யாரும் மாற்றிப் போட்டிருக்கலாம்.

எல்லாக் கம்பெனி வாட்சிலும் இப்படியில்லை. பழைய ஒமேகாவில் சீரியல் நம்பர் உள்ளே மூவ்மென்டிலேயே இருப்பதால் கேஸ் எவ்வளவு தேய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய சீக்கோவில் பின்மூடியின் வெளிப்புறம் ஆறு அல்லது ஏழு இலக்க எண் இருக்கும், முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். கையில் பட்டுப் பட்டு அது தேய்ந்தால் எந்த மாதம் செய்தது என்பது தெரியாமல் போகும், சாதாரண மாடல் என்றால் விலையில் பெரிய அடி விழாது. பட்டேக் பிலிப்பில் மூவ்மென்டுக்கு ஓர் எண், கேஸுக்கு ஓர் எண். இரண்டும் தெரிந்தால் அந்த வாட்சைப் பற்றிப் பழைய பதிவேட்டில் இருக்கும் விவரத்தைக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்கலாம். ரோலெக்ஸ் அப்படி எதுவும் தருவதில்லை, அதனால்தான் காதுகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு.

சரி, வாங்கலாமா? கட்டிக்கொள்ள என்றால் தாராளமாக, தேய்ந்த எண்தான் என்பது கண்ணுக்குத் தெரிந்து, விலையிலும் அது குறைந்திருந்தால். பின்னால் விற்கிற எண்ணம் இருந்தால் எண் தெளிவாக உள்ள இன்னொன்றுக்குக் காத்திருங்கள். எப்படியானாலும் பணம் கொடுப்பதற்கு முன் ஸ்ட்ராப்பைக் கழற்றி இரண்டு பக்கமும் படம் கேளுங்கள், மூடியைத் திறந்து ஒரு படமும். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

நான் இதை விற்கப்போவதில்லை. மிச்சமிருக்கும் 1-உம் 8-உம் போய்விடக்கூடாது என்று உலோகப் பட்டையை எடுத்துவிட்டுத் தோல் ஸ்ட்ராப் போட்டிருக்கிறேன், சர்வீஸுக்குக் கொடுத்தபோது பாலிஷ் வேண்டவே வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன்.