60 குதிரைவலுவோடு நான்கு கோடைகள்: இழுவை விளையாட்டுக்குச் சிறுபடகைப் பழக்கிய அனுபவம்

ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரியில் நான்கு கோடைகளாக 16 அடி அலுமினியப் படகொன்றை ஓட்டி வருகிறேன். அதில் பூட்டியிருப்பது யமஹா எஃப்60 என்னும் வெளியிணைப்பு எஞ்சின். ஃபோர் ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர், 996 சிசி. எனக்கு முன் இதை வைத்திருந்தவர் தனியாளாகத் தூண்டில் போடப் போய் வந்தவர். அவருக்குக் குறையில்லாமல் உழைத்த படகு, பிள்ளைகளை ரியூப்பில், அதாவது கயிற்றில் கட்டி இழுக்கும் காற்றடைத்த மிதவையில், ஏற்றி இழுக்கவும், 85 கிலோ எடையுள்ள என் மருமகனை நீர்ச்சறுக்குப் பலகைகளில் எழுப்பவும் நான் முயன்ற முதல் கோடையில் திணறிப்போனது.

அந்தத் திணறல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். விசையைக் கொடுத்ததும் அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்த்து எழும். எழுந்து நின்றால்தான் எனக்கு முன்னால் ஏரி தெரியும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,800 சுற்றில் நின்று முனகும். படகு தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன்மேல் ஏறி வழுக்கத் தொடங்குவதைப் பிளேனிங் என்பார்கள். அந்த நிலைக்கு அது எளிதில் வராது. கயிற்றின் மறுமுனையில் மருமகன் ஏரியைக் குடித்துக்கொண்டிருப்பான். பெரிய எஞ்சினை வாங்கு என்று பலர் சொன்னார்கள். ஆனால் படகின் தகட்டில் பொறித்திருக்கும் உச்சவரம்பே 60 குதிரைவலுதான்.

குறை எஞ்சினில் இல்லை, புரொப்பெல்லரில் இருந்தது. ஒரு முழுச் சுற்றில், வழுக்கல் ஏதுமில்லாவிட்டால், புரொப்பெல்லர் எத்தனை அங்குலம் முன்னேறுமோ அதுவே அதன் பிட்ச். பழைய புரொப்பெல்லரின் பிட்ச் 14. தனியாள் வேகமாகப் போவதற்கு அது பொருந்தும், பாரம் இழுப்பதற்கோ ஐந்தாம் கியரில் மலையேறுவது போன்றது. முழு விசையில் இந்த எஞ்சின் 5,000 முதல் 6,000 சுற்றுக்குள் ஓடவேண்டும் என்று கையேடு சொல்கிறது. நான் தனியாக ஓட்டியபோது 5,200 காட்டியது. நான்கு பேரும் ரியூப்பும் சேர்ந்ததும் 4,700க்கு இறங்கியது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 200 சுற்று கூடும் என்பது பொதுக் கணக்கு. அதை நம்பி 11 பிட்ச் கொண்ட அலுமினியப் புரொப்பெல்லரை வாங்கி மாட்டினேன். தனியாக ஓட்டினால் 5,800 சுற்று. பாரத்தோடு பிளேனிங் நிலைக்கு வர முன்பு 11 விநாடிக்கு மேல் எடுத்த படகு, இப்போது ஆறு விநாடியில் எழுகிறது. இதற்குக் கொடுத்த விலை, உச்சவேகம் மணிக்கு 52 கிலோமீற்றரிலிருந்து 47க்குக் குறைந்ததுதான். ரியூப்பைப் பெரும்பாலும் 25 முதல் 30 கிலோமீற்றருக்குள்தான் இழுக்கிறோம் என்பதால் அந்த ஐந்து கிலோமீற்றரை யாரும் தேடவில்லை. பழைய புரொப்பெல்லரைப் படகிலேயே உபரியாக வைத்திருக்கிறேன்.

அடுத்தது எடை. பற்றரி, பெற்றோல் தாங்கி, நங்கூரம் எல்லாம் பின்பக்கத்திலேயே குவிந்திருந்தன. பற்றரியை முன்னே கொண்டு போனேன். கம்பி நீண்டால் மின்னழுத்தம் குறைந்து எஞ்சின் கிளம்பச் சண்டித்தனம் செய்யும் என்பதால், பழையதைவிடத் தடித்த கம்பி போடவேண்டியிருந்தது. 25 லீற்றர் தாங்கியை முன்னிருக்கையின் பக்கத்தில், திறந்த இடத்தில் கட்டினேன். அணியத்து மூடிய பெட்டிக்குள் அதை வைக்கக் கூடாது, பெற்றோல் ஆவி அங்கே தங்கிவிடும். ஏறத்தாழ 40 கிலோ இடம் மாறியதில், அணியம் தூக்குவது கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தது. கிளம்பும்போது எஞ்சினின் சாய்வை முழுவதும் உள்ளிழுத்து, எழுந்த பிறகு மெல்ல வெளியே விடும் பழக்கமும் இதற்குத் துணை. முதல் கோடையில் அதைக்கூட நான் சரியாகச் செய்யவில்லை.

செய்து பார்த்துக் கைவிட்டவையும் உண்டு. எஞ்சினைப் பின்பலகையில் ஒரு துளை, அதாவது முக்கால் அங்குலம், உயர்த்திப் பூட்டினேன். நேராக ஓடும்போது நன்மை தெரிந்தது. ரியூப்போடு வளைந்தாலோ புரொப்பெல்லர் காற்றை இழுத்து, பிடிப்பில்லாமல் எஞ்சின் அலறியது. பழைய துளைக்கே இறக்கிவிட்டேன். புரொப்பெல்லருக்கு மேலுள்ள தகட்டில் துளையிட்டுப் பூட்டும் இறக்கை ஒன்றையும் வாங்கினேன். அது பின்பக்கத்தைத் தூக்கி, அணியத்தை முன்னதாகவே இறக்கியது உண்மை. ஆனால் ஸ்கூகொக் ஆழமற்ற, நீர்ப்பூண்டு மண்டிய ஏரி; பூண்டு அதில் தலைமயிர் போலச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சினைத் தூக்கிப் பிடுங்கவைத்தது. ஆழமான ஏரியில், புரொப்பெல்லரை மாற்ற வசதியில்லாதவருக்கு அது பயன்படலாம். என்னிடம் எஞ்சியிருப்பவை நான்கு துளைகள்.

கயிற்றைப் பின்பலகையின் ஒரு பக்க வளையத்தில் கட்டினால் படகு அந்தப் பக்கமே இழுபடும். இரண்டு வளையங்களுக்கும் பாலம் போலக் கயிறு கட்டி, நடுவில் உருளை ஓடவிட்டேன். மலிவான மாற்றம், முதல் நாளே செய்திருக்கவேண்டியது.

நீர்ச்சறுக்கைப் பொறுத்தவரை, எஞ்சினுக்குச் செய்ததைவிடப் பலகைக்குச் செய்த செலவே அதிகம் உதவியது. 1922இல் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் முதன்முதலில் நீரில் சறுக்கியபோது, அவர் காலில் கட்டியிருந்தவை எட்டடி நீளமும் ஒன்பது அங்குல அகலமும் கொண்ட பைன் பலகைகள். இழுத்த படகின் எஞ்சினும் வலுக் குறைந்ததுதான். பலகை அகலமாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே ஆளைத் தாங்கும். ஒல்லிப் பலகைகளை விற்றுவிட்டு, அகன்றவற்றை வாங்கிய நாளில்தான் மருமகன் இரண்டாவது முயற்சியில் எழுந்து நின்றான்.

கனடிய விதிப்படி ஓட்டுநரைத் தவிர, இழுபடுபவரைக் கவனிக்க ஒருவர் படகில் இருக்கவேண்டும். இழுபடும் ஒவ்வொருவருக்கும் படகில் இருக்கையும் வேண்டும். ஆகவே இருவரை ரியூப்பில் இழுத்தால், நால்வருக்கு இடம் போக என் படகில் மிஞ்சுவது ஓர் இருக்கைதான். சும்மா பார்க்க வருபவர்களைக் கரையில் இறக்கிவிடுவது, எடை விடயத்தில் நான் கண்ட இன்னொரு முன்னேற்றம். மைத்துனருக்கு இதில் இன்னும் வருத்தம்.

ஒற்றைப் பலகையில் ஆழத்திலிருந்து ஒருவரை எழுப்ப இந்த எஞ்சினால் முடியவில்லை; இரண்டு கோடைகள் முயன்று விட்டுவிட்டேன். மருமகன் இரண்டு பலகைகளில் எழுந்து, குடாவின் வாயில் ஒன்றைக் கழற்றி விடுகிறான். அது எங்கே மிதக்கிறது என்று பார்த்து வைப்பது என் மூத்த மகளின் வேலை; அவள் ஒரு மஞ்சள் மிதவையை அதன் முனையில் கட்டிவிட்டாள்.