டெஸ்டோஸ்டிரோன்: ஊசியா, ஜெல்லா?

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஒரு ரிப்போர்ட்டில் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே வந்ததும் சிகிச்சைக்கு ஓடாதீர்கள். இன்னொரு நாளும், காலை 7–10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் ஊட்டி லேபுக்கு வந்தாலும் டீ அதற்கப்புறம்தான். எல்.எச்., புரோலாக்டின் என்ற ஹார்மோன்களையும் பார்த்தால்தான் கோளாறு விரையிலா, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலா என்பது தெரியும்.

ஊசி வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 100–200 மி.கி. விலை குறைவு. முதல் சில நாள் அளவு உச்சத்துக்கு ஏறி, அடுத்த ஊசிக்குள் சரியும். உற்சாகமும் கூடவே சரியும். மலைக்குளிரில் எண்ணெய் மருந்து கெட்டிப்பட்டு, சில சமயம் துகள் கட்டும். உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குங்கள். தெளிந்த பிறகே ஏற்ற வேண்டும்.

ஜெல்லைத் தினமும் காலையில் தோளில் தடவ வேண்டும், பெரும்பாலும் 50 மி.கி. ரத்தத்தில் ஹார்மோன் அளவு சீராக நிற்கும். ஆனால் தோளில் சாயும் குழந்தைக்கும் மருந்து ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்ததும் ஸ்வெட்டர் போடுங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள், அந்த ஸ்வெட்டரை வேறு யாருக்கும் தராதீர்கள்.

ரத்தம் கெட்டியாவது ஊசியில் அதிகம். ஊட்டியின் சுமார் 2,240 மீட்டர் உயரமே ஹீமட்டோக்ரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதத்தை, சற்று ஏற்றும் என்பதால், மலைவாசிகளுக்கு ஜெல்லே மேல் என்பது எங்கள் கருத்து. எதுவானாலும் ஹீமட்டோக்ரிட் 54 சதவீதம் தாண்டினால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

குழந்தை வேண்டுமென்று இருப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.