பனிக்காலத்துப் பசுமைக்கு சைப்ரஸ் வேலியா, கேமேலியாவா?

டிசம்பர் பாதி தாண்டினால் ஊட்டிப் பக்கம் புல்தரையெல்லாம் கருகிப் பழுப்பாகிவிடும். கிக்குயூ புல்லுக்கு உறைபனி ஆகாது. கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) மலை முழுக்கப் பச்சையாகத்தான் நிற்கின்றன. வீட்டு வாசலுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் யோசித்தவை மூன்று: சைப்ரஸ் மர வேலி, கேமேலியா என்ற பூச்செடி, காட்டுப் பூவரசு என்கிற ரோடோடென்ட்ரான். வாசலில் நட்டது கேமேலியா. ஆகவே இதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சைப்ரஸின் நல்ல குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. சீக்கிரம் வளரும், தெருவை மறைக்கும், பனியைச் சட்டை செய்யாது. தொல்லை கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில்தான். பச்சை இருக்கும் வரைதான் கத்தரி போகலாம். அதைத் தாண்டி உள்ளே காய்ந்த பழைய கிளைவரை வெட்டினால் அந்த இடம் மறுபடி துளிர்க்காது, வேலி ஓட்டையாகவே நிற்கும். ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் அகலமாகிவிடும்; பழைய அளவுக்குக் குறுக்க வழியில்லை. இன்னும் சில வருஷம் விட்டால் அது வேலியல்ல, மரம். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்தே இருக்கிறது. நம் வாசலில் நிற்கிறது என்பதற்காக வளர்ந்த மரத்தை நினைத்தபோது சாய்த்துவிட முடியாது, அனுமதிக்கு நடக்க வேண்டும்.

கேமேலியா இதற்கு நேரெதிர். தேயிலையும் கேமேலியா இனம்தான், அதன் தாவரப் பெயர் கேமேலியா சினென்சிஸ். தேயிலைக்கு ஒத்துவரும் நம் புளிப்பு மண் இதற்கும் ஒத்துவருகிறது. முதிர்ந்த தண்டில் வெட்டினாலும் துளிர்க்கும். எஸ்டேட்டில் கவாத்து வெட்டிப் பழகிய பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுவும் நம்ம தேயிலைச் சாதிதானே தம்பி, வெட்டினா துளிர்க்காமலா போகும்?” என்றார். தேயிலைக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து. வாசலில் நிற்கும் கேமேலியாவுக்கு அதுகூட வேண்டியதில்லை. மீறிய கிளையைப் பூ ஓய்ந்ததும் தட்டிவிட்டால் போதும். தள்ளிப்போட்டு மழைக்காலத்தில் வெட்டினால் அடுத்த பனிக்காலத்து மொட்டும் சேர்ந்து போய்விடும்.

இலை பனிக்கு அசையாது, மொட்டும் விரிந்த பூவும்தான் பழுப்பாகும். அதற்கு இடம் பார்த்து நட வேண்டும். கிழக்குப் பார்த்த சுவரோரம் கூடாது. உறைந்த மொட்டில் காலை வெயில் சுரீரென்று விழுந்தால் கெட்டது. மேற்குப் பக்கம் அல்லது பெரிய மர நிழல் நல்லது. சரிவின் அடியிலும் வேண்டாம். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னக் கன்றுகளுக்கு நாங்களும் அதையே செய்கிறோம். இன்னொன்று, ஜனவரி, பிப்ரவரியில் மழை இருக்காது. வேர் காய்ந்தால் மொட்டு கொட்டிவிடும். தண்ணீர் விட மறக்கக் கூடாது.

காட்டுப் பூவரசு இந்த மண்ணின் மரம். சோலைக்காட்டு மரக்கன்றுகள் பெரும்பாலும் பனிக்குப் பயந்து புல்வெளிக்கு வராது. இது திறந்த புல்வெளியில் தனியாக நின்று சிவப்பாகப் பூக்கிறது. பனியைத் தாங்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் வளர்ச்சி மெதுவோ மெது. எங்களிடம் பின்பக்கம் இருப்பது முழங்கால் உயரக் கன்று; வேலியாக அடர்ந்து நிற்குமா, கவாத்துக்கு எப்படித் துளிர்க்கும் என்று அதை வைத்துச் சொல்வதற்கில்லை.

ஹைட்ராஞ்சியா பூச்செடியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பனிக்காலத்தில் குச்சிதான் மிஞ்சும்.

சாலையோரம் வீடு, காற்று அறைகிற மூலை, உடனே மறைப்பு வேண்டும், வருஷம் தவறாமல் கத்தரி போட ஆளும் உண்டு என்றால் சைப்ரஸே வைக்கலாம். விரும்பிய உயரம் வரட்டும் என்று காத்திருக்காமல், சின்னதாக இருக்கும்போதே பக்கவாட்டில் கத்தரிக்கத் தொடங்குங்கள்.