ஹீத்ரோ டெர்மினல் 5 பாட் வண்டி: ஊருக்குப் போகும்போது காரை விட்டுச் செல்பவர்களுக்கு

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் ஊருக்குக் கிளம்புவதென்றால் டிக்கெட்டுக்காக மூன்று மாதம் அலசுவார்கள், பெட்டியை நான்கு முறை எடை போடுவார்கள். வீட்டு வாசலிலிருந்து டெர்மினல் வாசல்வரை எப்படிப் போவது என்பது மட்டும் கடைசி வாரத்தில்தான் பேச்சுக்கு வரும். காரை ஹீத்ரோவிலேயே விட்டுப் போகலாம் என்று முடிவானால், டெர்மினல் 5-க்கு மட்டும் மற்ற டெர்மினல்களில் இல்லாத ஒரு வசதி உண்டு: ஓட்டுநர் இல்லாத பாட் வண்டி. ஷட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், குடும்பம் குடும்பமாகத் தனி வண்டியில் ஐந்து நிமிடத்தில் டெர்மினல். உண்மையிலேயே நல்ல சேவை. ஆனால் யாருக்கு நல்லது, எப்போது வீண்செலவு என்பது தெரிந்து போனால்தான் அதன் பலன் கிடைக்கும்.

முதலில் டெர்மினலைப் பாருங்கள். பாட் ஓடுவது டெர்மினல் 5-க்கும் அதற்கான பாட் பார்க்கிங்குக்கும் இடையில் மட்டுமே. ஊருக்குப் போகும் நம்மில் பலர் துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ போகிறோம். எமிரேட்ஸ் டெர்மினல் 3-இலிருந்தும், கத்தார் ஏர்வேஸ் டெர்மினல் 4-இலிருந்தும் கிளம்புகின்றன. பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்றாலே டெர்மினல் 5 என்று நினைத்துவிடவும் வேண்டாம், அவர்களுடைய சில விமானங்கள் டெர்மினல் 3-இல் இருக்கின்றன. டிக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்த பிறகே பார்க்கிங் பதிவு செய்யுங்கள். தவறிப்போய் டெர்மினல் 5-இல் காரை விட்டுவிட்டால் 2, 3-க்கு நடந்து போக வழியில்லை. எலிசபெத் லைன் அல்லது ஹீத்ரோ எக்ஸ்பிரஸில் போகலாம். டெர்மினல்களுக்கு இடையே அந்தப் பயணம் இலவசம். ஆனால் எட்டுப் பெட்டியோடு லிஃப்ட் ஏறி இறங்கி, பிளாட்ஃபாரத்தில் நின்று போக அரை மணி நேரமாவது கூடுதலாக வேண்டும்.

அடுத்தது பணம். பாட் பயணத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது, பார்க்கிங் கட்டணத்திலேயே அடங்கிவிடும். ஆனால் அந்தப் பார்க்கிங், பஸ் ஓடும் லாங் ஸ்டே பார்க்கிங்கைவிடப் பொதுவாக விலை கூடியது. ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள் போய்வருகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பள்ளி விடுமுறைக்கு நான்கைந்து வாரம் போகிற குடும்பத்துக்கு நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். நான்கு வாரத்துக்கு மேல் என்றால் இருவழி டாக்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் டாக்சிதான் ஜெயிக்கும். உறவினர் கொண்டுவந்து இறக்கிவிடுவதாக இருந்தால் அதற்கும் கட்டணம் உண்டு. 2021 நவம்பரில் 5 பவுண்டாகத் தொடங்கியது, 2025-இல் 6 ஆனது. அங்கே தடுப்புக் கம்பமும் இல்லை, பணம் வாங்க ஆளும் இல்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துக்கொள்ளும், மறுநாள் நள்ளிரவுக்குள் ஆன்லைனில் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்டால் அபராத நோட்டீஸ், கொண்டுவந்து விட்ட உறவினர் வீட்டுக்குத்தான் போகும். விமானம் ஏறும் முன் நீங்களே அவர் கார் எண்ணைப் போட்டுக் கட்டிவிடுவது நல்லது.

பாட் பார்க்கிங்கிலும் நுழைவது நம்பர் பிளேட்டை வைத்துத்தான். பதிவு செய்தபோது ஒரு கார், போகிற அன்று வேறு கார் என்றால் கிளம்பும் முன்பே பதிவில் மாற்றிவிடுங்கள். தடுப்பு திறக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காரை நிறுத்தியதும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காரை மட்டும் எடுத்தால் போதாது. பார்க்கிங்கில் ஏ, பி என்று இரண்டு பாட் ஸ்டேஷன்கள் இருக்கின்றன, எந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறீர்கள் என்ற பலகையும் படத்தில் விழ வேண்டும். திரும்பி வரும்போது டெர்மினலில் திரை கேட்கும் ஒரே கேள்வி இதுதான். பத்து மணி நேர விமானம், தூங்காத கண், தோளில் தூங்கும் குழந்தை. அந்த நேரத்தில் ஒரு மாதத்துக்கு முந்தைய எழுத்து நினைவுக்கு வராது. தவறான ஸ்டேஷனை அழுத்தினால் ஆபத்து ஒன்றுமில்லை, பெட்டிகளோடு கூடுதல் நடை, அவ்வளவுதான். ஆனால் ஜனவரிக் குளிரில், சென்னையில் போட்ட சட்டையோடு அந்த நடை கொடுமை.

ஸ்டேஷனில் வண்டி நிற்கும் இடங்கள் ரம்பப் பல் போலச் சாய்வாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவும் பக்கத்திலேயே தொடுதிரையும் உண்டு. போகுமிடத்தைத் தொட்டதும் ஸ்டேஷன் கதவும் வண்டிக் கதவும் சேர்ந்து திறக்கும். வண்டித் தளமும் பிளாட்ஃபாரமும் ஒரே மட்டம் என்பதால் சக்கரப் பெட்டியைத் தூக்கவே வேண்டாம், தள்ளினால் உள்ளே போய்விடும். சக்கர நாற்காலியும் அப்படியே. உள்ளே எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள், நடுவில் பெட்டிக்கான இடம். ஏறியதும் கதவை மூடும் பொத்தான், பிறகு கிளம்பும் பொத்தான். வண்டி முதலில் பின்னோக்கி நகரும். பயப்பட வேண்டாம், மூக்கை உள்ளே விட்டு நிற்கிற வண்டி வெளியே வருவதற்கான வழி அது. வெளியே வந்ததும் முன்னோக்கித் திரும்பி, மணிக்கு 40 கிலோமீட்டர் வரை எடுக்கும்.

வண்டி கிடைக்கவில்லை என்று பலர் நினைப்பது ஒரே கதவின் முன் கூட்டமாக நிற்பதால்தான். பஸ் ஸ்டாப் பழக்கம் அது. பக்கத்துக் கதவு காலியாக இருக்கும், அங்கே தனித் திரையும் இருக்கும். வண்டி நிற்காத இடத்திலும் திரையைத் தொட்டால் ஒன்றை வரவழைக்கும்.

இனிப் பெட்டிக் கணக்கு. இதில்தான் நம் குடும்பங்கள் மற்றப் பயணிகளிலிருந்து வேறுபடுகின்றன. பாட் வண்டி வடிவமைக்கப்பட்டது நான்கு பேருக்கும் அவர்கள் சாமானுக்கும். வெறும் வண்டியின் எடை சுமார் 850 கிலோ, ஏற்றக்கூடிய பாரம் சுமார் 450 கிலோ. நான்கு பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் மட்டுமே 184 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்றால் 280. கைப்பை சேர்க்காமலேயே 464 ஆகிவிட்டது. எடைக்கு முன்பே இடம் போய்விடும்: எட்டுப் பெரிய பெட்டிகளை நடுவில் நிறுத்தினால் கால் வைக்க இடமிருக்காது, கதவோரம் பட்டையோ கைப்பிடியோ நீட்டிக்கொண்டு நிற்கும். கதவு மூடாமல் வண்டி கிளம்பாது. எனவே தயங்காமல் இரண்டு வண்டியாகப் பிரிந்து போங்கள். கூடுதல் பணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பெரியவர், அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கையில். அட்டைப்பெட்டியில் கயிறு கட்டிக் கொண்டுபோகிறவர்கள் கயிற்று நுனியை உள்ளே செருகிவிடுங்கள்.

இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால், நடுவழியில் நின்றால் ஏன் நிற்கிறது என்பதும் புரியும். தண்டவாளம் கிடையாது. ரப்பர் டயர், கான்கிரீட் பாதை, இரு ஓரத்திலும் தாழ்வான விளிம்பு. வண்டியிலிருக்கும் லேசர் அந்த விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று அளந்துகொண்டே போகும், கம்ப்யூட்டர் அதற்கேற்ப சக்கரத்தைத் திருப்பும். முதலில் பயன்படுத்தியது சாதாரணக் கார் பேட்டரி வகைதான். ஸ்டேஷனில் நிற்கும் நேரத்திலேயே சார்ஜ் ஏறிவிடும். ஓடும்போது சராசரியாக 2 கிலோவாட் இழுக்கும், சமையலறை எலக்ட்ரிக் கெட்டில் இழுக்கிற அளவு. பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் லோசனின் முயற்சியில் உருவாகி, கார்டிஃபில் சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்த்து, 2011-இல் ஹீத்ரோவில் பயணிகளுக்குத் திறந்தார்கள். 3.8 கிலோமீட்டர் பாதை, மூன்று ஸ்டேஷன், 21 வண்டிகள். செலவு சுமார் 3 கோடி பவுண்டு.

வண்டிகள் தாமாக முடிவெடுத்து ஓடுவதில்லை. கிளம்பும் பொத்தானை அழுத்தியதும் மையக் கம்ப்யூட்டர், போய்ச்சேரும் ஸ்டேஷனில் இடம் கிடைக்கும்வரை கணக்குப் போட்டு, வழி முழுவதையும் அந்த வண்டிக்கு ஒதுக்கிய பிறகே விடும். பொத்தானை அழுத்தியும் சில விநாடி அசையாமல் நின்றால் காரணம் அதுதான், மறுபடி மறுபடி அழுத்த வேண்டாம். இதற்கு மேல் தனியாக ஒரு பாதுகாப்பு அடுக்கு: பாதையில் பதித்த மின்சுருள்கள் “போகலாம்” என்ற சிக்னலைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் ஒரு வண்டி நின்றால் பின்பகுதியில் அந்த சிக்னல் நின்றுவிடும், சிக்னல் இல்லையென்றால் பிரேக். ஏதோ ஒன்று சரியில்லை என்று சந்தேகம் வந்தாலே நிற்பதுதான் இந்த அமைப்பின் குணம். அப்படி நின்றால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபெருக்கியில் பேசுவார்கள், நீங்களும் பொத்தானை அழுத்திப் பேசலாம். உள்ளே கேமராவும் உண்டு. கதவைத் திறக்கப் பார்க்காமல் உட்கார்ந்திருங்கள். பாதையின் பெரும்பகுதி தூண்கள்மேல் போகிறது.

கூட்ட நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வண்டி போய்வர, ஏறி இறங்கும் நேரம் சேர்த்து, 12 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு ஐந்து நடை. 21 வண்டிக்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம் நடை. பெரும்பாலான வண்டிகளில் ஒருவர் இருவர்தான் ஏறுவார்கள். சாதாரண நேரத்தில் இது தாராளம், பலருக்குப் பத்து விநாடிகூடக் காத்திருக்க வேண்டியிருக்காது. பெரிய விமானங்கள் இரண்டு மூன்று ஒரே சமயத்தில் இறங்கிய காலை வேளையில் டெர்மினல் பக்கம் வரிசை நிற்கும், ஏனென்றால் வண்டிகள் காலியாகப் பார்க்கிங்கிலிருந்து திரும்பி வர வேண்டும்.

ஆனாலும் பெரிய தானியங்கி ரயிலைவிட இந்தச் சிறு வண்டிகளில் எனக்குப் பிடித்தது, ஒன்று பழுதானால் எல்லோருக்கும் சேவையே இல்லாமல் போகாது என்பது. மலேசியத் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கோலாலம்பூர் விமான நிலையத்தின் ஏரோட்ரெயின் 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, புது ரயில்கள் 2025 ஜூலையில்தான் ஓடத் தொடங்கின. அதுவரை பஸ்தான். பாட் பாதை மொத்தமாக நின்றால் இங்கேயும் பஸ்தான் கதி, ஆனால் ஒரு வண்டி கெட்டுப்போனால் மிச்சம் இருபது இருக்கிறது. ஹீத்ரோவின் மற்ற டெர்மினல்களுக்கும் இதை நீட்டிக்கும் யோசனையைக் கைவிட்டது வருத்தமான விஷயம்.

சென்னையில் இறங்கியதும் ஹீத்ரோவோடு உள்ள வித்தியாசம் உடம்பில் உறைக்கும். பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், ஆப் டாக்சி பிடிக்க எதிரிலுள்ள அடுக்குமாடி கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். 2022 டிசம்பரில் திறந்த கட்டடம் அது. அங்கே கொண்டுவிட பேட்டரி வண்டிகள் இலவசமாக ஓடுகின்றன. வயதானவர்கள், குழந்தையோடு வருபவர்கள் தயங்காமல் அதில் ஏறுங்கள். ஆனால் பெட்டி அதிகம் என்றால் அதிலும் பிரிந்துதான் போக வேண்டும், இரண்டு விமானம் சேர்ந்து இறங்கினால் காத்திருக்கவும் வேண்டும். ஒருவர் முன்னால் போய் டாக்சியைப் பிடித்து நிறுத்துவதைவிட, எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகு புக் செய்வதே நல்லது. காத்திருப்புக் கட்டணமும், ஓட்டுநரோடு போனில் இடம் சொல்லும் சிரமமும் மிச்சம். ஆளுக்கு ஒரு பெட்டியோடு வருகிறவர்களுக்கு மெட்ரோவே மேல், நிலையம் விமான நிலையத்தோடு ஒட்டியே இருக்கிறது, சென்ட்ரல்வரை ஒரே ரயில்.

இந்தியாவில் பாட் வண்டி என்ற அறிவிப்பு புதிதல்ல. அமிர்தசரஸில் 2011-இலேயே இதே ஹீத்ரோ வகையை அறிவித்தார்கள், கட்டவில்லை. சென்னைக்கும் அந்த வண்டியே வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹீத்ரோவில் வேலை செய்வது வண்டியின் புத்திசாலித்தனத்தைவிட, அதற்கென்று யாரும் குறுக்கே வராத பாதையும், ஏறும் இடத்தில் படியே இல்லாத தளமும்தான். டெர்மினலுக்கும் கார் நிறுத்தத்துக்கும் இடையே பேட்டரி வண்டிக்கு ஒரு தனித்தடமும், பெட்டியைத் தூக்காமல் தள்ளி ஏற்றும் மேடையும் கட்ட ஓட்டுநர் இல்லாத தொழில்நுட்பம் தேவையில்லை. கையில் இரண்டு பெட்டியும் பக்கத்தில் முட்டிவலிக்காரத் தாயும் இருப்பவருக்கு அந்தக் கடைசிச் சில நூறு மீட்டர்தான் பயணத்திலேயே கடினமான பகுதி.

திரும்பி வந்ததும் டெர்மினல் 5-இல் பாட் ஸ்டேஷன் ஷார்ட் ஸ்டே கார் பார்க்கின் 2-ஆம் தளத்தில் இருக்கிறது. வருகைப் பகுதியிலிருந்து பலகையைப் பின்பற்றி லிஃப்டில் போங்கள். சக்கர நாற்காலி உதவி வேண்டியவர்களுக்கு விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும், அப்போதே பாட் ஸ்டேஷன்வரை கொண்டுவிடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். வண்டியில் எதையாவது விட்டுவிட்டால் அதே கதவின் முன் நின்று பயனில்லை, வண்டி அடுத்த ஆளை ஏற்றப் போயிருக்கும். ஸ்டேஷனிலுள்ள உதவிப் பொத்தானை அழுத்தி உடனே சொல்லுங்கள். சென்னையில் விமானம் தாமதமாகி மறுநாள் வருவதாக இருந்தால், பார்க்கிங் நேரத்தை அங்கிருந்தே நீட்டிக்கப் பாருங்கள், வாசலில் வந்து கட்டினால் அதிகமாகும். நான்கு வாரம் குளிரில் நின்ற காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்க வாய்ப்பு நிறைய. ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டரை முழுதாகச் சார்ஜ் செய்து, சாவியை வைத்தே கையால் திறக்கக்கூடிய முன்கதவுப் பக்கம் வைத்துவிட்டுப் போங்கள். டிக்கியில் வைத்தால், பேட்டரி செத்த காரில் பல மாடல்களுக்கு டிக்கி திறக்காது.