ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவில்லை: காத்திருப்பதா, கேன்சலா, அடுத்தவருக்கா?

1948-ல் வந்த காந்தி தபால்தலைகளில் சிறிய மதிப்புள்ள மூன்றையும், அதாவது ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, இபே என்ற இணைய ஏலத் தளத்தில் 10 டாலரில் ஏலத்துக்கு விட்டிருந்தேன். சுவிட்சர்லாந்தில் அச்சான தலைகள், பின்பக்கப் பசைகூடக் கெடாதவை. 42 டாலருக்குப் போயின. அன்று இரவே கண்ணாடித்தாள் உறையில் போட்டு, வளையாமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து ஒட்டிவிட்டேன். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. பணமும் இல்லை, பதிலும் இல்லை.

இப்படி ஆனால் என்ன செய்யலாம் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால் எது எங்கே உதவும் என்பது தெரியும்.

முதலில் காத்திருப்பது. இபே விதிப்படி வாங்குபவருக்கு 4 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பணம் வரவில்லை என்று நாம் கேன்சல் செய்யக் கூடாது. இரண்டாம் நாள் கனிவாக ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும். தபால்தலைக்காரர்களுக்கு இதில் ஒரு தனி விஷயம் இருக்கிறது. ஒரே விற்பனையாளரிடம் அந்த வாரம் நாலைந்து ஏலத்தில் கலந்துகொண்டு, எல்லாம் முடிந்த பிறகு ஒரே பார்சலாக வாங்கித் தபால் செலவை மிச்சப்படுத்துகிறவர்கள் நிறைய. அவர்கள் தாமதம் செய்வது ஏமாற்றுவதற்காக அல்ல. ஆகவே “எப்போது கட்டுவீர்கள்?” என்று கேட்பதைவிட “மற்ற ஏலங்களும் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் நல்ல பதில் வரும். ஆனால் பதிலே வராதவருக்காக வாரக்கணக்கில் காத்திருப்பது வீண். கேன்சல் செய்ய 30 நாள்தான் இருக்கிறது. அது தாண்டினால் இபே எடுக்கும் விற்பனைக் கட்டணமும் நம் தலையில்தான்.

அடுத்தது கேன்சல். 4 நாள் முடிந்ததும் ஆர்டரை ரத்து செய்யலாம். இங்கே கேட்கப்படும் காரணம்தான் முக்கியம், நிறையப் பேர் சறுக்குவதும் இங்கேதான். “வாங்குபவர் பணம் கட்டவில்லை” என்று போட்டால் நமக்குக் கட்டணம் திரும்ப வரும், அவர் கணக்கில் அது பதிவாகும். “வாங்குபவர் ரத்து செய்யச் சொன்னார்” என்று போட்டாலும் கட்டணம் வரும், ஆனால் அவர் கணக்கில் எதுவும் ஏறாது. சண்டை வேண்டாமென்று “சரக்கு இல்லை” என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. அது விற்பவரின் குறையாகப் பதிவாகிவிடும்.

சரி, போனால் போகிறது, அவருக்கு எதற்குக் கெட்ட பெயர் என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் 2008 முதல் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது. அவரைப் பற்றி அடுத்த விற்பனையாளருக்குப் போய்ச் சேரும் ஒரே தகவல் இந்தப் பதிவுதான். 12 மாதத்தில் இரண்டு முறை இப்படிப் பதிவானவர்கள் என் ஏலத்தில் கலந்துகொள்ள முடியாதபடி செட்டிங்ஸில் தடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் உண்மையான காரணத்தைப் போட்டால்தான் அந்தத் தடை வேலை செய்யும். உண்மையாகவே மனம் மாறிப்போய், மன்னிப்புக் கேட்டு எழுதுகிறவர் என்றால் கதை வேறு. அவருக்கு இரண்டாவது காரணத்தைத் தாராளமாகப் போடலாம்.

மூன்றாவது, இரண்டாம் இடத்தில் இருந்தவருக்குக் கொடுப்பது. செகண்ட் சான்ஸ் ஆஃபர் என்று பெயர். ஏலம் முடிந்து 60 நாள் வரை அனுப்பலாம். மறுபடி படம் எடுக்க வேண்டாம், ஏலம் விட வேண்டாம். கேட்கும்போது இதைவிடச் சுலபமான வழி இல்லை என்றே தோன்றும்.

ஆனால் என் காந்தி தலைகளின் கணக்கைப் பாருங்கள். இபேயில் அவரவர் தன் உச்ச விலையை முன்கூட்டியே போட்டு வைக்கலாம், அடுத்தவரைத் தாண்டத் தேவையான அளவுக்கு மட்டும் விலை தானாக ஏறும். ஒருவர் 22 டாலர் வரை கேட்டிருந்தார். இன்னொருவர் 41 வரை. பணம் கட்டாதவர் இவர்களைத் தாண்டி 42-க்கு எடுத்தார். அவர் வராமலே இருந்திருந்தால் இரண்டாமவருக்கு அது 22.50-க்கே கிடைத்திருக்கும். செகண்ட் சான்ஸில் அவரிடம் கேட்கப்படும் விலையோ அவருடைய உச்ச விலையான 41. அதை நாம் குறைக்கவும் முடியாது. அவர் நிலையில் நான் இருந்தால் என்ன நினைப்பேன்? விலையை ஏற்றிவிட விற்பவரே ஆள் வைத்திருக்கிறார் என்றுதான் நினைப்பேன். எளிதில் கிடைக்காத பொருளாக இருந்து, இருவருக்கும் கீழே மூன்றாமவரும் கிட்டத்தட்ட அதே விலையைக் கேட்டிருந்தால் இந்த வழி நியாயமானது. இடைவெளி பெரிதாக இருந்தால் வேண்டாம். இன்னொன்று: முதல் ஆர்டரைக் கேன்சல் செய்யாமல் இதை அனுப்பாதீர்கள். இரண்டு பேரும் பணம் கட்டிவிட்டால் கையில் இருப்பது ஒரு செட்தான்.

ஏலமே வேண்டாம், நிலையான விலை வைத்து “உடனே பணம்” என்ற நிபந்தனை போட்டுவிடுவது நாலாவது வழி. பணம் வந்து சேரும்வரை பொருள் விற்றதாகவே கணக்கில்லை, ஆகவே தொல்லையே இல்லை. விலை தெரிந்த சாதாரணச் சரக்குக்கு இதுதான் சரி. விலை என்னவென்று நமக்கே தெரியாத பொருளுக்கு ஏலத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

வழக்குப் போடலாமே என்பார்கள் சிலர். இணைய ஏலமும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2001-லேயே ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. காருக்குச் சரி. 42 டாலருக்கு யார் கோர்ட் ஏறுவது?

காந்தி தலைகளை ஐந்தாம் நாள் உண்மையான காரணத்தைப் போட்டுக் கேன்சல் செய்தேன். இடைவெளி பெரிதென்று தெரிந்தும் இரண்டாமவருக்கு ஆஃபர் அனுப்பிப் பார்த்தேன். மூன்று நாளில் அது பதிலில்லாமல் காலாவதியானது. அப்புறம் மறுபடி 10 டாலரில் ஏலம் விட்டேன். 31 டாலருக்கு எடுத்தது அதே இரண்டாமவர்தான். ஒரு மணி நேரத்தில் பணம் வந்தது, கூடவே ஒரு வரியும்: “போன தடவை நீங்களே ஆள் வைத்தீர்களோ என்று சந்தேகப்பட்டேன்.” அட்டையோடு ஒட்டி வைத்திருந்த அதே உறையில் அவர் முகவரியை எழுதி அனுப்பினேன்.