'டோன்ட்' எழுதலாமா, 'டு நாட்'தானா?

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பேர். அதனாலோ என்னவோ, என்னிடம் இங்கிலீஷ் கடிதம் திருத்த வருகிறவர்களுக்கு 'டோன்ட்' என்று எழுதுவது, கைலியோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற மாதிரி.

பாதி சரி. வீட்டில் 'வாராவ' என்கிறோம், மனுவில் 'வருகிறார்கள்' என்று எழுதுகிறோம். ஆனால் 'டோன்ட்' அப்படிப்பட்ட வட்டார வழக்கு இல்லை. இங்கிலீஷ் பத்திரிகைகளிலேயே தாராளமாக அச்சாகிறது.

வேலை விண்ணப்பத்துக்கு மட்டும் என் ஓட்டு முழு வடிவத்துக்கே. படிக்கப் போகிறவர் யாரென்று தெரியாது. 'ஐ ஆம்' என்று எழுதியதற்காக யாரும் முகம் சுளிப்பதில்லை. 'ஐம்' என்றால் சிலர் சுளிப்பார்கள்.

எச்சரிக்கைகளிலும் அப்படித்தான். தாமிரபரணிப் படித்துறையில் 'இங்கே குளிக்காதீர்கள்' என்று போர்டு வைத்தால் 'டு நாட்' என்றே இருக்கட்டும். 'கான்ட்', 'டோன்ட்' போன்ற எதிர்மறைச் சுருக்கங்களைச் சிலர் நேர்மாறாகப் படித்துவிடுகிறார்கள் என்று பிரிட்டன் அரசின் எழுத்து நடைக் கையேடே அவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

இனி முழு வடிவம் தோற்கிற இடம். குற்றாலத்தில் சீசன். வெளியூர் நண்பருக்கு 'வொய் டோன்ட் யூ கம்?' என்று எழுதினால், 'வாங்களேன்' என்று அழைப்பு. அதையே மரியாதையாக எழுதுவதாக நினைத்து 'வொய் டு யூ நாட் கம்?' என்று விரித்தால், 'ஏன் வர மாட்டேங்கிறீங்க?' என்று சட்டையைப் பிடித்த மாதிரி ஆகிவிடும். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை, அருவியும் இல்லை!

ஆபீஸ் மெயில் இரண்டுக்கும் நடுவில். முதல் மெயிலில் விரித்து எழுதுங்கள். எதிராளி சுருக்கினால் அப்புறம் நீங்களும் சுருக்கலாம்.

சுருக்கத்தில் ஆபத்து அந்த மேல்கொக்கிதான், அதாவது அப்பாஸ்ட்ரஃபி. நான் அதிகம் திருத்துவது 'இட்ஸ்'. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் பாருங்கள். பொருந்தினால் கொக்கி உண்டு. 'கடையும் அதன் முதலாளியும்' என்பதில் வரும் 'அதன்' என்றால் கொக்கி கிடையாது. 'ஷுட் ஹேவ்' சுருங்கும்போது காதுக்கு 'ஷுட் ஆஃப்' மாதிரி கேட்கும்; அப்படியே எழுதிவிடாதீர்கள். இங்கிலீஷ்காரர்களே சறுக்குகிற இடம் அது.

இன்னொன்று: 'நீங்கதான் புது ஆளா?' என்று கேட்டால் 'யெஸ், ஐ ஆம்' என்றுதான் முடிக்க வேண்டும். அங்கே 'யெஸ், ஐம்' என்று எவ்வளவு நெருங்கிய நண்பருக்கும் எழுத முடியாது.